முந்தைய கேள்விக்கான சீட்டு

மீட்டிங் மூன்றரைக்கு. மூன்று ஐந்துக்கே சங்கரேஸ்வரி, முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியின் கண்ணாடி அறைக்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் நாற்காலி என்பது மேஜையின் இடப்பக்கம், லேப்டாப்பின் கேமராவில் விழாத தூரத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. எவ்வளவு தூரம் என்பதை முதல் வாரமே தரையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். கோட்டைத் தாண்டினால் திரையில் தோள் தெரியும், இன்னும் கொஞ்சம் தாண்டினால் காது தெரியும். மடியில் சீட்டுக் கட்டு. சிவகாசியில் அவள் வேலை பார்க்கும் இந்த அச்சகத்தில் எழுதுவதற்கென்று யாரும் காகிதம் வாங்குவதில்லை. கட்டிங் மெஷினில் விழும் துண்டுகளே போதும். இந்தக் கட்டு, அடுத்த வருடத்துப் பிளானரில் நிறம் சரியாக விழாத தாள்களை வெட்டியது. ஒரு பக்கம் வெள்ளை. திருப்பினால் அடுத்த வருடம் துண்டு துண்டாகக் கிடக்கும்: ஒரு சீட்டில் பாதிச் செவ்வாய், ஒன்றில் மார்ச் மாதத்தின் தலை மட்டும், ஒன்றில் எந்த மாதம் என்று சொல்ல முடியாத ஒரு பதினேழு. வெள்ளைப் பக்கத்தில்தான் அவள் இங்கிலீஷ் எழுதுவாள். எழுதியதை மேஜை விளிம்போடு நகர்த்துவாள். தனுஷ்கோடி அண்ணாச்சி கண்ணை மட்டும் தாழ்த்தி அதைப் பார்த்துவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்து, கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் மாதிரி கணீரென்று வாசிப்பார். நான்கு மாதமாக இப்படித்தான். ராட்டர்டாமிலிருந்து பிளானர் வாங்கும் ஆன்னெகா அம்மாவைப் பொறுத்தவரை தனுஷ்கோடி என்பவர் நல்ல இங்கிலீஷ் பேசுகிறவர், பதில் சொல்வதற்கு முன்னால் சற்று யோசிக்கிறவர். ஒருமுறை அதைச் சொல்லிப் பாராட்டவும் செய்தாள். அண்ணாச்சி சங்கரேஸ்வரியின் பக்கம் திரும்பாமலே மேஜைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தப் பாராட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்று அவள் அப்போது யோசித்துக்கொண்டிருந்தாள். வெறும் 'தாங்க் யூ' போதும் என்று முடிவுக்கு வருவதற்குள் பேச்சு அட்டையின் பச்சை நிறத்துக்குப் போய்விட்டது.

கட்டின் மேலே இருக்கிற சீட்டு இன்று காலையிலிருந்து எழுதியதில் பத்தொன்பதாவது. மற்ற பதினெட்டும் அவளுடைய பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் கசங்கிக் கிடக்கின்றன. சொல்ல வேண்டியது ஒன்றுதான். இந்த வெள்ளிக்கிழமை லோடு ஏற்ற முடியாது, முதலில் பேசியபடி அடுத்த புதன்கிழமைதான் முடியும். தமிழில் இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையின் வாசலிலும் ஒரு காவல்காரன் நிற்கிறான். கிழமைக்கு முன்னால் 'ஆன்', மணிக்கு முன்னால் 'அட்', மாதத்துக்கு முன்னால் 'இன்'. கல்லூரியில் லூர்து மேரி மேடம் போர்டில் மூன்று பெட்டி வரைந்தார், ஒன்றுக்குள் ஒன்றாக. மாதம் பெரிய பெட்டி, கிழமை நடுப்பெட்டி, மணி சின்னப் பெட்டி. எது எந்தப் பெட்டிக்குள் என்று தெரிந்தால் போதும் என்றார். தெரியும். தெரிவதுதான் சிக்கல். கிழமைக்கு 'ஆன்' போட்டதும், முன்னால் 'நெக்ஸ்ட்' வந்தால் 'ஆன்' கழன்றுவிடும் என்று ஞாபகம் வரும். 'நெக்ஸ்ட்' என்று எழுதியதும், நாளை வரும் புதனா அதற்கடுத்த புதனா என்று ஆன்னெகா குழம்புவாளோ என்று வரும். அதைத் தெளிவாக்க இன்னொரு வாக்கியம், அந்த வாக்கியத்துக்கு இன்னொரு காவல்காரன். காலத்தின் விஷயம் இன்னும் மோசம். அட்டவணையில் ஏறிவிட்டது எதுவோ அது நிகழ்காலம். ஆறு மணி ரயில் நாளைக்கும் ஆறு மணிக்குப் புறப்படுகிறது. இரண்டு பேர் பேசி முடித்துவிட்ட ஏற்பாடும் நிகழ்காலம். இந்த நிமிடம் மனதில் தோன்றியது மட்டுமே எதிர்காலம். அந்தக் கணக்குப்படி வெள்ளிக்கிழமை லோடு இப்போதே ஏறிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை ஸ்பைரல் போடும் பேச்சியக்கா லீவு கிடைக்காமல் பைண்டிங்கில் இப்போதே நின்றுகொண்டிருக்கிறாள். அவள் மகள் மாரீஸ்வரி ராஜபாளையத்தில் வளைகாப்பு மணையில் உட்கார்ந்து இப்போதே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிரே அண்ணாச்சி ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மடக்கி வைத்துக்கொண்டு போனில், "இந்தா கெளம்பிட்டேன்யா, ரயில்வே கேட்டுல நிக்கேன்" என்கிறார். மேஜைமேல் டீ இன்னும் ஆவி விடுகிறது. அவருடைய இலக்கணத்தில் இன்னும் கிளம்பாததுதான் இறந்தகாலம். மறுமுனையில் இருப்பவருக்கும் அது தெரியும். அவரும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். யாரும் அதைச் சிவப்பு மையால் சுழிப்பதில்லை.

சிவப்பு மை என்றதும் நாக்கின் அடியில் ஒரு வறட்சி வந்தது. அது எப்போதும் அங்கே ஆரம்பித்துத் தொண்டைக்குப் போகும். இரண்டாம் வருடம், ஆங்கிலத் துறை மன்றக் கூட்டம், அவள் துணைச் செயலாளர். மதுரையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நான்கு மணிக் கூட்டத்தை இரண்டு மணிக்கு மாற்றினார்கள். அதைக் காலை அமர்வின் மேடையில் அறிவிக்க வேண்டியது அவள். மீட்டிங் 'ப்ரிபோன்' செய்யப்பட்டிருக்கிறது என்று வாசித்தாள். தள்ளிப்போடுவதற்கு ஒரு சொல் இருந்தால் முன்னே இழுப்பதற்கும் அதற்கு ஜோடியாக ஒன்று இருக்கத்தானே வேண்டும், எல்லோரும் சொல்கிறார்கள், பஸ்ஸில், பேங்க்கில், வீட்டு டிவியில். விருந்தினர்தான் முதலில் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மை டியர், அப்படியொரு சொல்லை நாம்தான் வைத்திருக்கிறோம், இங்கிலீஷ்காரனிடம் கிடையாது என்றார். அதன்பிறகு முந்நூறு பெண்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு இன்று நினைவிருப்பது, மூன்றாவது வரிசையில் ஒருத்தி சிரித்துக்கொண்டே தன் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டது. அவ்வளவு சாதாரணமாக இருந்தது அது. அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான், ஒரு வாக்கியம் வாயை விட்டுப் போகும் முன் அதை மூன்று தடவை நிறுத்திச் சோதிப்பது. ஒன்று வினைக்கு, ஒன்று காலத்துக்கு, ஒன்று அந்தச் சின்னச் சொற்களுக்கு. சோதித்து முடிக்கையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். முதலில் இங்கிலீஷுக்கு மட்டும்தான் இருந்தது. எப்போது தமிழுக்கும் வந்தது என்று தெரியவில்லை. மளிகைக் கடையில் கால் கிலோ கேட்பதா இருநூற்றைம்பது கேட்பதா என்று நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடக்கமான பிள்ளை என்று பெயர் கிடைத்தது. அதை அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒரு வாரமாக எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அதில் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆன்னெகா முதலில் கேட்டது, அடுத்த வாரமும் இதே நாள் இதே நேரம் பேசலாமா என்று. சங்கரேஸ்வரி சீட்டை எடுத்து 'தட் சூட்ஸ் அஸ் பெர்ஃபெக்ட்லி' என்று எழுதினாள். எங்களுக்கு மிகவும் தோதாக இருக்கிறது. 'சூட்ஸ்' என்பதில் கடைசி எழுத்து உண்டுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். 'பெர்ஃபெக்ட்லி' கொஞ்சம் அதிகமோ என்று பார்த்தாள். ஆன்னெகா அதற்குள் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டாள். கப்பல் தேதி மாறுகிறது, புதன்கிழமை ஏற்ற வேண்டிய லோடை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கே முன்னால் கொண்டுவர முடியுமா, முடிந்தால் நல்லது. அந்தக் கேள்வி சங்கரேஸ்வரிக்குச் சுத்தமாகப் புரிந்தது. முடியாது என்பதும் உடனே தெரிந்தது. முன்னால் கொண்டுவர முடியாது என்று எழுத வேண்டும். முன்னால் கொண்டுவருவது. அந்தச் சொல் வந்து நின்றது, மேடை வந்தது, பூவைச் சரிசெய்கிறவள் வந்தாள். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு வேறு சொல் தேடிக்கொண்டிருந்த அதே நொடியில் அவள் இடது கை, பழக்கத்தில், எழுதி முடித்திருந்த முதல் சீட்டை மேஜை விளிம்போடு நகர்த்தியது. கை தன் வேலையைத்தான் செய்தது. அண்ணாச்சியும் தன் வேலையைத்தான் செய்தார். கண்ணைத் தாழ்த்தினார், நிமிர்ந்தார், "யெஸ் மேடம், தட் சூட்ஸ் அஸ் பெர்ஃபெக்ட்லி" என்றார். 'யெஸ் மேடம்' அவர் சொந்தமாகச் சேர்த்தது. ஆன்னெகா கைதட்டினாள். "வொண்டர்ஃபுல்!" ஒரு கேள்விக்கான பதில் அடுத்த கேள்வியின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் தன் இடத்தில் துண்டு போட்டுவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனவனின் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துகொள்கிற மாதிரி, எந்தச் சத்தமும் இல்லாமல்.

அன்றே சொல்லியிருக்கலாம். லேப்டாப்பை மூடியதும் அண்ணாச்சி நாற்காலியைச் சுழற்றி அவள் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கெழமைன்னதும் நான் தெகச்சுப் போய்ட்டேன். நீ சட்டுன்னு எழுதி நீட்டிட்ட. பெரிய பார்ட்டி கேக்கும்போது இல்லேன்னு சொல்லப்படாது, அடுத்த வருச ஆர்டர் இருக்கு. அது ஒனக்கு எனக்கு முந்தித் தோணிருக்கு பாரு. கெட்டிக்காரி தாயி நீ" என்றார். அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சீட்டு அந்தக் கேள்விக்கு இல்லை அண்ணாச்சி. வாக்கியம் தயாராக இருந்தது. அதில் தவறும் இல்லை. ஆனால் சோதிக்க ஆரம்பித்தாள், அண்ணாச்சி போனை எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பைண்டிங்கில் பதினான்கு பேருக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் லீவு கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. தீபாவளி லீவு முடிந்து வந்த கையோடு என்பதால் யாருக்கும் முறையிட வாயில்லை. பேச்சியக்கா ஒருத்திதான் மெஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிளானருக்கு ஸ்பைரல் போடுகிற மெஷினில் அவள் கை வேகத்துக்கு இன்னொரு ஆள் கிடையாது. வியாழக்கிழமை அவள் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தக்காரர்கள் குறித்துக் கொடுத்த நாள். "நாள மாத்திக்கிடக் கூடாதாக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "ஏழாம் மாசம் ஐப்பசி. எட்டுல போடக் கூடாது. ஒம்பது மார்கழில வருது. மார்கழில எந்தச் சிறுக்கிடி வளையல் போடுவா?" என்றாள். அவளுடைய காலண்டருக்கும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் எது எதற்குள் என்று அவளுக்கு யோசிக்காமலே தெரிகிறது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கடல் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை உத்தேசமாக வைத்துக்கொண்டு, "அந்த வெள்ளக்காரி வீட்டுல ஒரு நல்லது நடக்கையில கப்பல் வந்து கூப்புடட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சங்கரேஸ்வரியும் உதட்டை அசைத்தாள். அந்த அசைவை இப்போது நினைத்தாலும் உதட்டில் உணர முடிகிறது, ஒட்டிப்போன பசை மாதிரி.

மூன்று முப்பது. அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கைத் திறந்தார். திரையில் அவர் முகமும் பின்னால் இருக்கும் சாமி படமும் தெரிந்தன. மற்றவர் வரக் காத்திருக்கவும் என்ற வாசகத்துக்கு மேல் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மழை வரும்போல் இருட்டியிருந்தது. இந்த மாதத்தில் காகிதம் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுகொள்ளும், அதனால் அச்சிடும் ஹாலில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. மை வாசனை கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மூன்று முப்பத்து மூன்று. ஆன்னெகா ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. வராமலே போனால் என்ன, என்று நினைத்தாள். வராவிட்டால் வெள்ளிக்கிழமை அப்படியே இருக்கும். லாரிக்காரனுக்கு நாளைக் காலையில் உறுதி சொல்லியாக வேண்டும், அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. பேச்சியக்கா என்ன செய்வாள் என்பதில் சந்தேகமே இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். "போகாம இருந்துருவனா? பெத்தவ இல்லாம எவ வளையல் போடுவா? போயிட்டுத்தான் வருவேன். வந்தா மெஷின்ல வேற ஆள் நிக்கும், அம்புட்டுத்தான். பதினோரு வருசம்." அப்புறம்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏ டிகிரி, ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடேன். இங்கிலீசுல எழுது. தமிழ்ல எழுதுனா அண்ணாச்சி படிச்சதும் கிழிச்சிருவாரு, இங்கிலீசுன்னா ஒரு நாளாவது வச்சிருப்பாரு" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். மகளின் வளைகாப்பை முன்னிட்டு வியாழக்கிழமை ஒருநாள் விடுப்பு. எல்லாச் சின்னச் சொற்களும் அதனதன் இடத்தில் இருந்தன. பேச்சியக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எம் மக பேரு எங்க இருக்கு, காட்டு" என்று கேட்டு, காட்டிய இடத்தை விரலால் தொட்டுவிட்டு மடித்தாள். அது இப்போது அண்ணாச்சியின் மேஜையில் ஸ்டேப்ளருக்கு அடியில் இருக்கிறது. மூலை மட்டும் தெரிகிறது. இங்கே மடியில் பத்தொன்பதாவது சீட்டு. லோடு தேதியை முதலில் பேசிய புதன்கிழமைக்கே மாற்றித் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். இதை நகர்த்தினால் போதும் என்கிற எண்ணம் புதிதில்லை, காலையிலிருந்தே வாக்கியத்துக்கு அடியில் இருந்துகொண்டுதான் இருந்தது. நகர்த்தினால் அண்ணாச்சி வாசிப்பார். எதை நகர்த்தினாலும் வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்குத் தெரியும், சில நேரம் அப்போதும் தெரியாது. யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் சீட்டு கை தவறிப் போனது. இது கை தவறாமல் போகும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த வித்தியாசத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், துணிக் கடையில் எட்டாத விலைச் சேலையைப் பார்ப்பதுபோல. சீட்டின் விளிம்பு விரலில் ஈரமாகியிருந்தது.

"என்னம்மா இன்னும் காணும் அந்தம்மாவ?" என்றார் அண்ணாச்சி. காத்திருப்பது அவருக்கு வராத வேலை. பேனாவைத் திறந்து மூடினார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "தட் சூட்ஸ் அஸ் பெர்ஃபெக்ட்லி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கும்மா இது. இன்னைக்கும் எங்கயாச்சும் இதப் போட்டுரு." அப்புறம் கை போன போக்கில் ஸ்டேப்ளரைத் தூக்கினார். கடிதத்தைப் பிரித்தார். "யார்து, பேச்சியா? இங்கிலீசுலயா! நீ எழுதிக் குடுத்தியா?" அவள் தலையை அசைத்தாள். அண்ணாச்சி வாசிக்க ஆரம்பித்தார். சத்தமாக, அவருக்குச் சத்தமில்லாமல் வாசிக்கத் தெரியாது. நிமிர்ந்து, சுற்றிக்கொண்டிருக்கும் வளையத்தைப் பார்த்து, அதே மண்டபக் குரலில், ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் என்று கேட்டார். தன் மகளுக்கு வளைகாப்பு என்றார். தன்னை மன்னித்து ஒரே ஒரு நாள் தரும்படி ஆளில்லாத ராட்டர்டாமிடம் வேண்டிக்கொண்டார். முடித்துவிட்டு, "கடைசில என்ன கேக்கா? வியாழக்கெழமையா?" என்றார். சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த மனிதர் நான் எழுதுகிற எதையும் வாசிப்பார் என்பது மட்டும், முன்பு தெரிந்திருந்ததைவிட வேறு மாதிரி, ஒரு பாரம் மாதிரி தெரிந்தது. "ஆமா அண்ணாச்சி. வியாழக்கெழம மாரீசுக்கு வளைகாப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் வாய் திறந்திருந்தது, திறந்திருந்த வாய் வழியாக அடுத்தது வந்துவிட்டது, சோதிக்கப்படாமல், செருப்பு போடாமல் வாசலுக்கு ஓடுகிற பிள்ளை மாதிரி. "அண்ணாச்சி, போன வாரம் நான் குடுத்த சீட்டு அந்தக் கேள்விக்கு இல்ல. மீட்டிங்க இதே நேரம் வச்சுக்கலாமான்னு கேட்டாங்கல்ல, அதுக்கு எழுதுனது. லேட்டாக் குடுத்துட்டேன். நீங்க வெள்ளிக்கெழமைக்கு வாசிச்சுட்டீங்க."

அண்ணாச்சி கடிதத்தை மேஜைமேல் வைத்தார். ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தார். மடித்து வைத்திருந்த காலை இறக்கிச் செருப்பைத் தேடினார், அது மேஜைக்கு அடியில் தள்ளிப் போயிருந்தது. காலால் துழாவிக்கொண்டே, "ஒரு வாரமா வாயில என்ன வச்சிருந்த?" என்றார். செருப்பு காலில் மாட்டியது. "பதினாலு பேரு லீவ வெட்டிருக்கேன். எம் மச்சான்கிட்ட ஒன்னையப் பத்தி, கண்ணால பாத்தாப் போதும், பதில எடுத்து நீட்டும்னு சொல்லிருக்கேன். அவன் என்னைய எளக்காரமாப் பாத்தான், அவன்கிட்டப் போயி." குரல் ஏறியது, ஏறிய இடத்தில் தானாக நின்றது. "மொதக் கேள்விக்கு எழுதுனதா?" "ஆமா அண்ணாச்சி." "நான் அந்தக் கேள்விய கவனிக்கவே இல்லியே."  தனக்குத்தானே சொல்கிறாரா, அவளிடம் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். நாக்கின் அடியில் வறட்சி இருந்தது, ஆனால் அது தொண்டைக்குப் போகவில்லை. அங்கேயே நின்றிருந்தது, இறங்க வேண்டிய ஸ்டாப்பை மறந்த ஆள் மாதிரி. அப்போது லேப்டாப்பில் மணிச்சத்தம் கேட்டது. வளையம் மறைந்து ஆன்னெகாவின் முகம் வந்தது, ஈரத் தலைமுடியோடு, சைக்கிள் டயர் பஞ்சர், மழை, மன்னிக்கவும் என்று மூச்சிரைத்துக்கொண்டே. அண்ணாச்சியின் கண் பழக்கத்தில் மேஜை விளிம்புக்குத் தாழ்ந்தது. சங்கரேஸ்வரி பத்தொன்பதாவது சீட்டை நகர்த்தினாள். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. "இத நான் வாசிச்சு முடிக்கங்குள்ள அந்தம்மா அடுத்ததுக்குப் போயிருவா. அதான வெனையே?" என்று தமிழில், ஆன்னெகாவுக்குக் கேட்கும்படியே சொன்னார். "நீயே பேசு." லேப்டாப்பின் முதுகில் கையை வைத்து அப்படியே திருப்பினார். திரையில் முதலில் தோள் தெரிந்தது. அப்புறம் காது. அப்புறம் அவள் முழுதாக இருந்தாள், பின்னால் சாமி படம் இல்லாமல், ஒரு இரும்பு பீரோவின் முன்னால். ஆன்னெகா, "ஓ, ஹலோ" என்றாள், அடையாளம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்போடு. சங்கரேஸ்வரி மடியைப் பார்த்தாள். சீட்டு மேஜையில் இருந்தது, எட்டுகிற தூரத்தில்தான். அவள் பேசினாள். எதை முதலில் சொன்னோம், எங்கே மூச்சு விட்டோம் என்பதையெல்லாம் கவனிக்க ஆளில்லை. கவனிக்கிறவளும் பேசப் போயிருந்தாள். தவறு எங்களுடையது என்று சொன்னது தெரிந்தது. வியாழக்கிழமை என்று சொன்னது தெரிந்தது. நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்று வேறு பக்கம் போனதும் தெரிந்தது. அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை. ஆன்னெகா கீபோர்டில் தட்டினாள். நிமிர்ந்தாள். போன வாரம் நான் சும்மா கேட்டுத்தான் பார்த்தேன், என்றாள். முடியுமா என்று கேட்டேன், நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகச் சரி என்றீர்கள். ஒரு ஆயிரம் பிளானர் மட்டும் சனிக்கிழமை தர முடியுமா, மற்றது புதன்கிழமை வரட்டும். சங்கரேஸ்வரி அண்ணாச்சியைப் பார்த்தாள். கேமராவில் விழாத இடத்திலிருந்து, பென்சில் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவர் ஆயிரமா என்று விரலைக் காட்டிக் கேட்டு, பின் தலையை ஆட்டினார். அவள் "யெஸ்" என்றாள். அது ஒரு சொல்தான்.

பைண்டிங்குக்குப் போகும்போது மழை பிடித்திருந்தது. செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. பேச்சியக்கா மெஷினை ஓட்டிக்கொண்டே, "வா டிகிரி. வெள்ளக்காரி எறங்கி வந்துட்டாளாம்ல. நான் சொன்னது பலிச்சிருக்கும், கப்பல்ல ஓட்ட விழுந்திருக்கும்" என்றாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். இதையும் விட்டுவிடலாம். ஆன்னெகாவுக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. "அவங்க மேல தப்பில்லக்கா. அவங்க முடியுமான்னுதான் கேட்டாங்க. நான்தான் அண்ணாச்சிக்குச் சீட்ட மாத்திக் குடுத்துட்டேன்." மெஷின் நின்றது. பேச்சியக்கா கையில் இருந்த பிளானரை, அதில் ஸ்பைரல் பாதிதான் ஏறியிருந்தது, தட்டில் வைத்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "லீவு லெட்டர் எழுதித் தந்தியே. அப்பவும் தெரியுமா ஒனக்கு?" "தெரியும்க்கா." "எம் மக பேர எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுனயே. அப்பவும்?" "அப்பவும்."  பேச்சியக்கா கீழே கிடந்த ஒரு கம்பித் துண்டைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். "இப்ப என்னன்னு சொல்லித் திருப்புன? அந்த இங்கிலீசச் சொல்லு கேப்போம்." சங்கரேஸ்வரி யோசித்தாள். பத்தொன்பது வாக்கியங்களும் இருந்தன, அடித்த இடங்களோடு, திருத்திய இடங்களோடு, வரிசையாக. அவள் பேசியது மட்டும் அவற்றில் இல்லை. எங்கே போய்ப் பார்த்தாலும் இல்லை. "வியாழக்கெழம முடியாதுன்னேன்." "அம்புட்டுத்தானா?" "அம்புட்டுத்தான்." "இதுக்கா ஒரு வாரமா பேதி மாத்திர முழுங்குனவ மாதிரித் திரிஞ்ச?" பிளானரைத் திரும்பக் கையில் எடுத்தாள். மெஷினின் பல்லுக்குள் கம்பியைச் செருகினாள். முகம் இன்னும் இறங்கவில்லை, இறங்க நாளாகும் என்று தெரிந்தது. "வியாழக்கெழம பத்து மணிக்கு ராஜபாளையத்துல இருக்கணும் நீ. பந்தி பரிமாற ஆளில்ல. நீ செஞ்ச வேலைக்கு எச்சில் எல எடு. அண்ணாச்சிகிட்ட லீவ நீயே கேட்டுக்கோ, தமிழ்லயே கேளு. வருவியா மாட்டியா?" "வந்துட்டேன்க்கா" என்றாள் சங்கரேஸ்வரி.